வெள்ளை ஈக்குப் பூஞ்சாணம் அடிப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் வெண்டை, கத்திரி, தக்காளி மூன்றையும் மாற்றி மாற்றி வைக்கிறவன் நான். சில வருடங்களாக வெள்ளை ஈக்குப் பூஞ்சாண மருந்து அடித்து வருகிறேன். அதைப் பார்த்துவிட்டு மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போதும், டீக்கடையிலும், போனிலும் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

1. பூஞ்சாணம்னா நோய்தானே? அதைப் போய் நாமளே செடி மேல அடிக்கலாமா?

செடிக்கு நோய் தரும் பூஞ்சாணம் வேறு, பூச்சிக்கு நோய் தரும் பூஞ்சாணம் வேறு. நாம் அடிப்பது இரண்டாவது வகை. அதன் வித்து வெள்ளை ஈக் குஞ்சின் மேல் விழுந்து ஒட்டி, அங்கேயே முளைத்து, தோலைக் கரைத்துக்கொண்டு உடம்புக்குள் இறங்கும். உள்ளே பரவியதும் பூச்சி சாகும். செடிக்கு ஒன்றும் ஆகாது.

பூச்சி இதைத் தின்ன வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். காய்ப்புழுவுக்கு அடிக்கிற பி.டி. பாக்டீரியாவும் என்.பி.வி. வைரஸும் இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். வெள்ளை ஈ இலையைக் கடிக்காது. ஊசி போன்ற வாயை உள்ளே விட்டுச் சாற்றை மட்டும் உறிஞ்சும். அதனால் மேலே பட்டாலே கொல்லக்கூடிய பூஞ்சாணம்தான் அதற்குச் சரிப்படும்.

2. கடையில நாலஞ்சு மருந்துப் பேரு சொல்றாங்க. எதை வாங்கறது?

காய்கறியில் சாறு உறிஞ்சும் பூச்சி என்றால் முதலில் கேட்க வேண்டியது வெர்டிசிலியம் லெக்கானி. சில பாக்கெட்டில் லெக்கானிசிலியம் லெக்கானி என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், ஆராய்ச்சிக்காரர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி எல்லாவற்றுக்கும் ஆகும். அது கிடைக்காவிட்டால் பவேரியா பேசியானா. மெட்டாரைசியமும் வெள்ளை ஈயைப் பிடிக்கும் என்றாலும் எங்கள் பக்கம் அதை வேர்ப்புழுவுக்கும் காண்டாமிருக வண்டுக்கும்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

வெள்ளை ஈக்கு மிக நன்றாக வேலை செய்கிற இன்னொன்று ஐசேரியா ஃபியூமோசோரோசியா. எல்லாக் கடையிலும் இருக்காது. இதற்குப் பழைய பெயர் பெசிலோமைசிஸ் ஃபியூமோசோரோசியஸ். இங்கேதான் ஏமாறுவோம். கடையில் போய் ‘பெசிலோமைசிஸ்’ என்று மட்டும் கேட்டால் பெசிலோமைசிஸ் லிலாசினஸை எடுத்துக் கொடுப்பார்கள். அது மண்ணில் நூற்புழுவுக்குப் போடுவது. வெள்ளை ஈ மேல் அடித்தால் காசுதான் போகும். எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது.

3. வீட்டுல ட்ரைக்கோடெர்மா விரிடி இருக்கு. அதுவும் பூஞ்சாணம்தானே, அதையே அடிச்சா?

வேண்டாம். ட்ரைக்கோடெர்மா மற்ற பூஞ்சாணங்களைத் தாக்குவது, வேரழுகல், வாடலுக்குப் போடுவது. பூச்சியைக் கொல்லாது. இரண்டையும் ஒரே டேங்கில் கலப்பதும் வேண்டாம். அதைத் தொழு உரத்தில் கலந்து மண்ணில் போடுங்கள், இதை இலைக்கு அடியுங்கள்.

4. என்ன அளவு போடணும்?

தூள் வடிவில் வருவதற்கு லிட்டருக்கு 5 கிராம். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடித்தால் ஒரு கிலோ செலவாகும். திரவ வடிவில் வருவதன் செறிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் லேபிளைப் பாருங்கள். பாக்கெட்டில் கிராமுக்கு 1×10⁸ என்று போட்டிருந்தால் ஒரு கிராமில் 10 கோடி உயிருள்ள வித்துகள் என்று அர்த்தம். அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

தூளை நேராக டேங்கில் கொட்டக் கூடாது. சின்ன வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, நன்றாகக் கலக்கி, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். இல்லையென்றால் அதிலுள்ள டால்க் மாவு நாசிலை அடைத்துவிடும். கொஞ்சம் ஒட்டு திரவமோ காதி சோப்புக் கரைசலோ சேர்த்தால் இலையில் பரவி நிற்கும். அடிக்கும்போதும் டேங்கை அடிக்கடி குலுக்க வேண்டும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மீதியை மறுநாளைக்கு வைத்தால் வித்து தண்ணீரிலேயே முளைத்து வீணாகும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர் நல்லது.

5. அடிச்சு மூணு நாள் ஆச்சு. செடியை ஆட்டினா இன்னும் பொலபொலன்னு பறக்குதே?

பறக்கத்தான் செய்யும். வித்து முளைத்து, தோலைத் துளைத்து, உள்ளே பரவிக் கொல்ல ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். ரசாயன மருந்து மாதிரி மறுநாள் காலையில் செத்துக் கிடப்பதைப் பார்க்க முடியாது. அதுவும் இப்போது பறக்கிறவை பெரும்பாலும் தாய் ஈக்கள், ஓரிடத்தில் நிற்காதவை. பூஞ்சாணத்திடம் நன்றாக மாட்டுவது இலைக்கு அடியில் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் குஞ்சுகள்.

வெள்ளை ஈயின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பொறுமை வரும். முட்டையில் இருந்து வந்த குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து, ஓர் இடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும். நாலு பருவம் தாண்டி அங்கேயே இருந்து ஈயாக வெளியே வரும். வெயில் காலத்தில் இது எல்லாம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பூஞ்சாணம் முட்டையை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. குஞ்சும் சில சமயம் தப்பும். வித்து முளைத்து உள்ளே இறங்குவதற்குள் அது சட்டையை உரித்துவிட்டால், சட்டையோடு வித்தும் போய்விடும். அதனால்தான் ஒரே அடியோடு நிறுத்தாமல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடிக்கச் சொல்கிறோம். முதல் தடவை முட்டையாக இருந்தது அடுத்த தடவை குஞ்சாக மாட்டும்.

6. காலையிலயா சாயங்காலமா?

சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சில மணி நேரத்திலேயே வித்தைக் கொன்றுவிடும். இன்னொரு காரணம் ஈரம். வித்து முளைக்க ஓர் இரவு முழுக்கக் காற்றில் நல்ல ஈரப்பதம் வேண்டும். சாயங்காலம் அடித்தால் இரவும் பனியும் அதற்குச் சாதகம். விடிகாலையில் அடித்தால் பத்து மணி வெயிலே அதை முடித்துவிடும்.

தண்ணீர் பாய்ச்சின அன்றைக்கு அடிப்பது எனக்குப் பழக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓடிய வயலில் செடிக்கு அடியில் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

7. இலைக்கு அடியில எப்படிப்பா அடிக்கிறது? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது.

இடுப்பு போனாலும் அங்கேதான் அடிக்க வேண்டும். குஞ்சு முழுக்க இலையின் அடிப்பக்கம்தான். இந்த மருந்து செடிக்குள் ஊடுருவிப் போகாது, பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். மேலே மட்டும் நனைத்துவிட்டு ‘பூஞ்சாணம் வேலை செய்யலை’ என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாசில் நுனியை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து மேலாகக் கையை வீசி அடியுங்கள். புகை மாதிரி நுண்ணிய துளி வருகிற நாசில் போடுங்கள். வெண்டை இடுப்பளவு வளர்ந்துவிட்டால் கீழ் இலைகளை அடியில் நனைப்பது பெரும்பாடு. அதனால்தான் செடி சின்னதாக இருக்கும்போதே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

ட்ரோனில் அடிக்கலாமா என்று இப்போது கேட்கிறார்கள். மேலிருந்து விழுவது அடிப்பக்கத்துக்கு எவ்வளவு போகும் என்று நீங்களே ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

8. சித்திரை வைகாசியிலதான் வெள்ளை ஈ பேயா வருது. அப்ப அடிச்சா கேக்குமா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதில் பாதி தெரிந்த மாதிரி. வெள்ளை ஈக்குப் பிடித்த காலம் வறண்ட வெயில் காலம். பூஞ்சாணத்துக்கு ஆகாத காலமும் அதுதான். லெக்கானிக்கு 25 டிகிரி அளவு வெப்பம்தான் பிடிக்கும், 30 டிகிரியைத் தாண்டினால் மந்தமாகிவிடும். பவேரியா இன்னும் கொஞ்சம் தாங்கும், அதுவும் 35 டிகிரி பக்கம் போனால் வளர்ச்சி நின்றுவிடும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் மத்தியானம் எவ்வளவு போகும் என்று சொல்லவே வேண்டாம். வித்து சாகாமல் இருந்தாலும், முளைக்க ஈரம் இருக்காது.

அதனால் கோடையில் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்பது என் முடிவு. மாசியில் பத்து இலையைத் திருப்பினால் நாலு குஞ்சு தெரிகிறதே, அப்போது இரண்டு சுற்று அடித்துவிட வேண்டும். இரவில் குளிரும் பனியும் மிச்சம் இருக்கிற நேரம் அது. அந்த நாலு குஞ்சைத் தடுத்தால் சித்திரையில் வரும் பெருக்கம் குறைகிறது. ஆடிக்கு மேல் சாரல் விழும் இடங்களிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பூஞ்சாணம் நன்றாகக் கேட்கும். பெருமழைக்கு முன்னால் மட்டும் அடிக்காதீர்கள், கழுவிக்கொண்டு போய்விடும்.

நிழல்வலைக் குடிலும் பாலிஹவுஸும் வேறு கதை. ஓசூர் பக்கம் குடைமிளகாய், வெள்ளரி போடுகிறவர்களுக்கு உள்ளே ஈரம் நிற்கிறது, நேர் வெயிலும் குறைவு. அங்கே இது எங்களைவிட நன்றாக வேலை செய்யும். உள்ளே வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

9. வெண்டையில மஞ்சள் நரம்பு வந்துருச்சு. இப்ப அடிச்சா இலை பச்சையாகுமா?

ஆகாது. அது வைரஸ் நோய், மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ அதைச் சுமந்து வந்து கொடுத்துவிட்டுப் போகிறது. ஒருமுறை செடிக்குள் வைரஸ் போய்விட்டால் எந்த மருந்தும் திருப்பி எடுக்காது. தக்காளி இலைச்சுருளும் மிளகாய் இலைச்சுருளும் இதே கதைதான். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு செடி தெரிந்தால் பிடுங்கி எரித்துவிடுங்கள், பக்கத்துச் செடிக்குப் போகாமல் இருக்கும்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். வைரஸ் சுமந்த ஓர் ஈ கொஞ்ச நேரம் உட்கார்ந்து உறிஞ்சினாலே நோய் வந்துவிடும். ஐந்து நாள் கழித்துக் கொல்லும் பூஞ்சாணத்தால் வெளியிலிருந்து பறந்து வரும் ஈயைத் தடுக்க முடியாது. நம் வயலுக்குள் பெருகுவதைத்தான் அது குறைக்கும். ஆகவே நாற்றங்காலை நுண்வலையால் மூடுவது, வரப்பைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டும் பொறி, வரப்போரத்துத் துத்திச் செடியைப் பிடுங்குவது, இதெல்லாம் கூடவே வேண்டும். துத்தியில் வெள்ளை ஈ குடும்பம் நடத்தும். ரகமும் முக்கியம். தக்காளியில் இலைச்சுருளைத் தாங்கும் அர்கா ரக்ஷக் மாதிரியான ரகங்கள் இருக்கின்றன. வெண்டையில் அர்கா அனாமிகா தேமலைத் தாங்கும் ரகமாகத்தான் வந்தது, இப்போது பல இடங்களில் அதன் தாங்கும் திறன் குறைந்துவிட்டது.

10. கெமிக்கலோட சேர்த்து ஒரே டேங்க்ல அடிச்சா ஆள் கூலி மிச்சமாகுமே?

பூஞ்சாணக்கொல்லியோடு ஒருபோதும் கூடாது. மாங்கோசெப், கார்பன்டசிம், காப்பர் ஆக்சிகுளோரைடு, கந்தகம், புரோபிகோனசோல் எல்லாமே பூஞ்சாணத்தைக் கொல்வதற்கென்றே செய்தவை. நாம் காசு கொடுத்து வாங்கிய பூஞ்சாணம் என்று அவற்றுக்குத் தெரியாது. முன்னும் பின்னும் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். முந்தின நாள் மாங்கோசெப் அடித்த டேங்கைச் சும்மா அலசிவிட்டு இதை ஊற்றுவதும் அதே தப்புதான். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முடிந்தால் தனி ஸ்பிரேயர் வையுங்கள்.

பூச்சிக்கொல்லியில் மருந்துக்கு மருந்து மாறும். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் வகையறா பூஞ்சாணத்தைக் கெடுக்கும். இமிடாகுளோபிரிட் அவ்வளவு கெடுக்காது. இருந்தாலும் நான் கலப்பதில்லை, வேறு வேறு நாளில்தான் அடிக்கிறேன்.

11. வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா?

வேப்பெண்ணெய் நல்ல கூட்டாளி, ஆனால் அளவு கூடினால் எண்ணெயே வித்தை முளைக்க விடாது. ஒரே டேங்கில் கலப்பதைவிட, இன்று பூஞ்சாணம், நாலு நாள் கழித்து வேப்பெண்ணெய் என்று மாற்றி மாற்றி அடிப்பது எனக்குச் சரியாக வருகிறது. பஞ்சகவ்யாவில் வேறு நுண்ணுயிர்கள் நிறைய இருக்கின்றன. அதையும் தனி நாளில் அடியுங்கள்.

12. செத்தது இந்த மருந்தாலதான்னு எப்படித் தெரியும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் வாங்குங்கள். நல்ல குஞ்சு வெளிர் மஞ்சளாக, பளபளப்பாக இருக்கும். நோய் பிடித்தது நிறம் மங்கிச் சுருங்கிவிடும். ஈரம் இருந்தால் அதைச் சுற்றிப் பஞ்சு பிடித்த மாதிரி வெள்ளை வளையம் தெரியும், லெக்கானியில் இது நன்றாகத் தெரியும். மெட்டாரைசியம் என்றால் முதலில் வெள்ளை, பிறகு பச்சை.

காய்ந்த காலத்தில் பஞ்சு வெளியே வராது, குஞ்சு வெறுமனே வற்றிக் கிடக்கும். அப்போது சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. மருந்து அடித்து ஐந்தாம் நாள் ஓர் இலையைப் பறித்து, மூடி போட்ட சாப்பாட்டு டப்பாவில் ஈரமான காகிதத்தின் மேல் வைத்து மூடி, நிழலில் மூன்று நாலு நாள் விடுங்கள். பூஞ்சாணத்தால் செத்திருந்தால் டப்பாவுக்குள் பஞ்சு எழும்பும்.

13. பாக்கெட்டுக்குள்ள உயிர் இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறது? வெள்ளையா மாவு மாதிரித்தானே இருக்கு?

பார்வைக்குத் தெரியாது, உள்ளே பெரும்பகுதி டால்க்தான். தயாரித்த தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்குள் இருப்பதையே வாங்குங்கள். கடையில் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் மேல் ராக்கில் இருந்தால் தேதி புதிதாக இருந்தும் பயனில்லை. ஒரு கடையில் அப்படி வெந்துபோன பாக்கெட்டை எனக்குக் கொடுத்தார்கள். கேட்டதற்கு ‘தேதி இருக்குல்ல’ என்றார்கள். வீட்டிலும் வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

சோதிக்க வேண்டும் என்றால் முந்தின பதிலில் சொன்ன டப்பாவே போதும். குஞ்சு உள்ள இரண்டு இலைகளைப் பறியுங்கள். ஒன்றை மருந்துக் கரைசலிலும் இன்னொன்றை வெறும் தண்ணீரிலும் முக்கி, தனித்தனி டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். மருந்து டப்பாவில் மட்டும் குஞ்சுகள் மேல் பஞ்சு வந்தால் சரக்கு நல்லது. இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

14. ஒரு பாக்கெட் வாங்கி வெல்லத் தண்ணியில ஊற வெச்சா நூறு லிட்டரா பெருகும்னு வீடியோவில பார்த்தேனே?

டிரம்மில் ஏதோ ஒன்று பெருகத்தான் செய்யும். அது பவேரியா என்பதற்கு என்ன உத்தரவாதம்? கொதிக்க வைக்காத வெல்லக் கரைசலில் காற்றில் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பூஞ்சாணத்தைவிட வேகமாக வளரும். புளிப்பு வாடை வந்தால் அவைதான் ஜெயித்திருக்கின்றன. குக்கரில் வேகவைத்த அரிசியில் சுத்தமான தாய் வித்தைக் கொண்டு வளர்ப்பது முறையான வழி. கை சுத்தமும் பழக்கமும் வேண்டும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

15. பக்கத்துக் காட்டுக்காரர் பட்டுப்புழு வளர்க்கிறார். சண்டைக்கு வருவாரோ?

வந்தால் நியாயம் அவர் பக்கம்தான். பவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும். புழு செத்து விறைத்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகிவிடும். இந்தப் பூஞ்சாணம் உலகத்துக்குத் தெரிய வந்ததே பட்டுப்புழுவால்தான். இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி என்பவர் 1835-இல், பட்டுப்புழுக்கள் இப்படிச் சாவது ஒரு பூஞ்சாணத்தால் என்று காட்டினார். பேசியானா என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். மல்பெரித் தோட்டமோ புழு வளர்ப்பு மனையோ பக்கத்தில் இருந்தால் பவேரியா, மெட்டாரைசியம் போன்றவற்றை அடிக்கவே வேண்டாம். வேப்பெண்ணெயும் மஞ்சள் பொறியும் வைத்துச் சமாளியுங்கள்.

16. நமக்கு ஒண்ணும் ஆகாதா? அடிச்சுட்டு எத்தனை நாள்ல காய் பறிக்கலாம்?

ரசாயன மருந்துக்குச் சொல்கிற காத்திருப்பு நாள் கணக்கு இதற்கு இல்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் வெண்டை பறிக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி. காலையில் பறித்துவிட்டுச் சாயங்காலம் அடியுங்கள். ஆனால் தூளைக் கொட்டிக் கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது.

17. தென்னையில வர்ற வெள்ளை ஈக்கும் இதே மருந்துதானா?

அது வேறு ஈ. சுருள் வெள்ளை ஈ என்பார்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்தது. அதற்கு ஐசேரியா பரிந்துரைக்கிறார்கள். கருமையான பூசணம் படிந்த மட்டையைப் பார்த்துப் பயந்து வீரியமான மருந்தை அடித்துவிடாதீர்கள். அதன் குஞ்சுகளில் முட்டையிடும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி தோப்பில் தானாகவே பெருகும், அந்த மருந்தில் அந்தக் குளவியும் செத்துப்போகும்.

18. எல்லாம் சரி, கைமீறிப் போயிட்டா? அப்பவும் பூஞ்சாணத்தையே கட்டிக்கிட்டு அழணுமா?

தேவையில்லை. இலையைத் திருப்பினால் தவிடு கொட்டின மாதிரி இருக்கிறது, கீழ் இலையெல்லாம் பிசுபிசுத்துக் கருத்துவிட்டது, மத்தியானம் 38 டிகிரி அடிக்கிறது என்றால் இது அதற்கான மருந்து இல்லை. வேளாண்மைத் துறையில் கேட்டு, வெள்ளை ஈக்கென்று பரிந்துரைத்த ரசாயன மருந்தை ஒருமுறை அடித்து எண்ணிக்கையை இறக்குங்கள். சைபர்மெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு மட்டும் வேண்டாம். அது பொறிவண்டையும் குளவியையும் கொன்றுவிட்டு, வெள்ளை ஈயைப் பின்னால் இன்னும் அதிகமாக்கும். 2015-இல் பஞ்சாப் பருத்தியில் மருந்து மேல் மருந்து அடித்தும் வெள்ளை ஈ அடங்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்து, பத்து இலையைத் திருப்பி எண்ணிப் பாருங்கள். குஞ்சு குறைந்திருந்தால், அடுத்த தண்ணீர் பாய்ச்சுகிற சாயங்காலம் லெக்கானியைக் கலக்கலாம்.